உரிமைத் தகராறு தீரும் முன்பே உருவான பூங்கா: குவாய் ஹானாஸ் கூட்டு நிர்வாகம் உணர்த்துவது என்ன?

புதுடெல்லி: கனடாவின் மேற்குக் கடற்கரைக்கு அப்பால், பசிபிக் பெருங்கடலில் அமைந்துள்ள ஹைடா குவாய் தீவுக்கூட்டத்தின் நிலப்பரப்பு முழுவதிலும் ஹைடா பழங்குடியினருக்குப் பூர்வகுடி நிலவுரிமை உண்டு என்பதை 2024 ஏப்ரலில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாண அரசும், 2025 பிப்ரவரியில் கனடா மத்திய அரசும் ஒப்பந்தங்கள் வாயிலாக ஏற்றுக்கொண்டன. நீதிமன்றத் தீர்ப்பின் வழியே அல்லாமல், பேச்சுவார்த்தை மூலம் இத்தகைய அங்கீகாரம் கிடைத்தது கனடாவில் புதிய நிகழ்வாகக் கருதப்படுகிறது. மத்திய அரசின் ஒப்பந்தம் கையெழுத்தான காலத்தில் பழங்குடியினர் உறவுத் துறையின் அமைச்சராக இருந்தவர், யாழ்ப்பாணத்தில் பிறந்த தமிழரான கேரி ஆனந்தசங்கரி.

இந்த அங்கீகாரத்துக்கு ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்கு முன்பே, அதே தீவுகளின் தென்பகுதியில் அரசும் ஹைடா மக்களும் சமநிலையில் அமர்ந்து ஒரு கடலோரப் பூங்காவை நிர்வகிக்கத் தொடங்கிவிட்டனர் என்பதே இதில் கவனிக்கத்தக்க செய்தி. நிலம் யாருடையது என்ற கேள்விக்கு விடை காணப்படாத நிலையில், அந்த நிலத்தை இருவரும் சேர்ந்து காப்பது எப்படி என்ற கேள்விக்கு அவர்கள் விடை கண்டனர். 2030-க்குள் உலகின் நிலப்பரப்பிலும் கடற்பரப்பிலும் 30 சதவீதத்தைப் பாதுகாக்க இந்தியா உள்ளிட்ட நாடுகள் 2022 டிசம்பரில் உடன்பட்டுள்ள சூழலில், குவாய் ஹானாஸ் எனப்படும் இந்தப் பூங்காவின் அனுபவம் கனடாவுக்கு வெளியேயும் ஆராயத்தக்கதாகிறது.

தீவுகளும் மக்களும்

ஹைடா குவாய் 150-க்கும் மேற்பட்ட தீவுகளைக் கொண்டது. பிரிட்டிஷார் சூட்டிய ‘குவீன் சார்லட் தீவுகள்’ என்ற பெயர் 2010-ல் அதிகாரப்பூர்வமாகக் கைவிடப்பட்டு, ‘மக்களின் தீவுகள்’ என்று பொருள்படும் ஹைடா மொழிப் பெயர் நிலைபெற்றது. மழைக்காடுகள் கடல் விளிம்புவரை இறங்கி நிற்கும் இந்தத் தீவுகளில், பல ஆயிரம் ஆண்டுகளாக ஹைடாக்கள் வாழ்ந்து வருகின்றனர். செந்தேவதாரு மரத்தைக் குடைந்து பெரும் படகுகள் செய்வதிலும், குலச்சின்னங்கள் செதுக்கிய மரத்தூண்களை நிறுத்துவதிலும் அவர்கள் பெயர் பெற்றவர்கள்.

19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய வணிகர்களுடன் வந்த பெரியம்மை முதலான தொற்றுநோய்கள் அந்தச் சமூகத்தை ஏறக்குறைய அழித்தன. பல்லாயிரக்கணக்கில் இருந்ததாக மதிப்பிடப்படும் மக்கள்தொகை, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆயிரத்துக்கும் கீழே சரிந்தது. எஞ்சியோர் தென்பகுதிக் கிராமங்களைக் கைவிட்டு, வடக்கே ஸ்கிட்கேட், மாசெட் என்ற இரண்டு ஊர்களில் ஒன்றுசேர்ந்தனர். பிற்காலத்தில் தென்பகுதி ‘ஆளில்லாக் காடு’ என்று வெளியாருக்குத் தோன்றியதற்குப் பின்னணி இதுதான். ஹைடாக்களைப் பொறுத்தவரை, அது முன்னோரின் வீடுகளும் கல்லறைகளும் உள்ள ஊர்ப்பகுதி. அவற்றுள் ஒன்றான ஸ்காங் குவாய் கிராமம், நின்ற நிலையிலேயே மக்கிவரும் அதன் மரத்தூண்களுக்காக 1981-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

மரம் வெட்டலும் மறியலும்

1970-களில் தீவுகளின் தென்பகுதியில் மரம் வெட்டும் நிறுவனங்களின் பணி விரிவடைந்தது. பர்னபி தீவில் மரம் வெட்டும் திட்டம் 1974-ல் முன்வைக்கப்பட்டபோது, ஹைடா இளைஞர்களும் சூழல் ஆர்வலர்களும் இணைந்து தீவுகள் பாதுகாப்புக் குழு ஒன்றை அமைத்தனர். எந்தப் பகுதியைக் காக்க வேண்டும் என்று அப்போது அவர்கள் வரைபடத்தில் வரைந்த எல்லைக்கோடே, பின்னாளில் பூங்காவின் எல்லைக்கு அடிப்படையாயிற்று. அடுத்த பத்தாண்டுகள் மனுக்களிலும் விசாரணைக் குழுக்களிலும் கழிந்தன. அதே வேளையில், மரம் வெட்டும் பணியும் தீவு தீவாக நகர்ந்துகொண்டிருந்தது.

1985-ல் ஹைடா தேசிய மன்றம் இரண்டு முடிவுகளை எடுத்தது. முதலாவதாக, அந்தப் பகுதியைத் தங்கள் சொந்தச் சட்டத்தின்படி ‘ஹைடா பாரம்பரிய நிலம்’ என அறிவித்தது. இரண்டாவதாக, லயெல் தீவில் மரம் வெட்டும் சாலையை மறித்து அமர்வது என்று தீர்மானித்தது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் நடந்த மறியலில் 72 பேர் கைது செய்யப்பட்டனர். பாரம்பரிய உடையணிந்த முதியோரைக் காவலர்கள் அழைத்துச் செல்லும் காட்சிகள் நாடெங்கும் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயின. கைது செய்யப்பட்டோரும் கைது செய்த காவலர்களுள் சிலரும் ஹைடா சமூகத்தினரே என்பது அந்தப் போராட்டத்தின் வேதனையான ஒரு பக்கம்.

நாடு தழுவிய ஆதரவைத் தொடர்ந்து, 1987 ஜூலையில் கனடா மத்திய அரசும் பிரிட்டிஷ் கொலம்பியா அரசும் தென்பகுதியில் மரம் வெட்டுதலை நிறுத்தித் தேசியப் பூங்கா அமைக்க உடன்பட்டன. மரத்தொழில் நிறுவனங்களுக்கான இழப்பீடு, வட்டார வளர்ச்சி நிதி உள்ளிட்டவற்றுக்காக 10.6 கோடி கனடா டாலர் ஒதுக்கப்பட்டது. வேலையிழப்பை எதிர்கொண்ட தீவுவாசிகளுக்கு இந்த ஒதுக்கீடு முக்கியமானதாக இருந்தது. அந்த நிதியின் ஒரு பகுதியைக் கொண்டு உருவான குவாய் அறக்கட்டளையை, ஹைடாக்களும் ஏனைய தீவுவாசிகளும் சேர்ந்தே இன்றும் நடத்தி வருகின்றனர். காட்டைக் காக்கும் முடிவின் விலையை உள்ளூர் மக்கள் மட்டுமே சுமக்க விடக்கூடாது என்ற எண்ணம், தொடக்கத்திலேயே ஒப்பந்தத்தில் இடம்பெற்றது என்று இதைக் கொள்ளலாம்.

ஆயினும் 1987 உடன்பாட்டில் கையெழுத்திட்ட தரப்புகள் இரண்டு அரசுகள் மட்டுமே. மறியலில் கைதான ஹைடாக்களின் பெயர் அதில் இல்லை. அந்தக் குறையைச் சரிசெய்ய மேலும் ஐந்தரை ஆண்டுகள் பிடித்தன.

ஒரே ஆவணத்தில் இரண்டு நிலைப்பாடுகள்

1993 ஜனவரியில் கனடா அரசும் ஹைடா தேசிய மன்றமும் கையெழுத்திட்ட குவாய் ஹானாஸ் ஒப்பந்தம், அதன் தொடக்கப் பகுதியாலேயே தனித்துவம் பெறுகிறது. நிலவுரிமை குறித்த இரு தரப்பின் நிலைப்பாடுகளும் அதில் அடுத்தடுத்த பத்திகளில் அருகருகே அச்சிடப்பட்டுள்ளன. தீவுகள் தங்களுக்கே சொந்தம், தங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டவை என்கிறது ஒரு பத்தி. இவை அரசுரிமைக்கு உட்பட்ட நிலம், கனடா சட்டங்களின்படி நிர்வகிக்கப்படுபவை என்கிறது மற்றொன்று. ஒருவர் கூற்றை மற்றவர் ஏற்கவில்லை என்பதை வெளிப்படையாக எழுதிவைத்த பின்னர், இயற்கையையும் பண்பாட்டையும் காக்க வேண்டும் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை என்று ஒப்பந்தம் தொடர்கிறது.

இதற்குக் கனடா சட்டத்தில் இருந்த ஒரு வழி உதவியது. பழங்குடியினரின் உரிமைக் கோரிக்கை தீர்க்கப்படாத பகுதிகளை முழுமையான தேசியப் பூங்கா என்று அறிவிக்காமல், ‘தேசியப் பூங்கா ரிசர்வ்’ என்று அறிவிக்க அந்தச் சட்டம் இடமளிக்கிறது. கோரிக்கை நிலுவையில் இருக்கும்போதே பாதுகாப்புக்கான விதிகள் நடைமுறைக்கு வந்துவிடும். அதனால் கோரிக்கையின் வலு குறைந்துவிடாது. குவாய் ஹானாஸ் இன்றும் ‘ரிசர்வ்’ என்ற சொல்லுடனும், ‘ஹைடா பாரம்பரிய நிலம்’ என்ற சொல்லுடனும் சேர்த்தே குறிப்பிடப்படுகிறது. ஒரே நிலத்துக்கு இரண்டு அரசுமுறைகள் தந்த இரண்டு பெயர்கள் அவை.

நிர்வாகப் பொறுப்பு, தீவுக்கூட்ட மேலாண்மை வாரியத்திடம் ஒப்படைக்கப்பட்டது. தொடக்கத்தில் தரப்புக்கு இருவர் என்றிருந்த வாரியத்தில், கடற்பகுதியும் சேர்க்கப்பட்ட பின்னர் தரப்புக்கு மூவர் இடம்பெறுகின்றனர். இரு தரப்புக்கும் இணைத் தலைவர்கள் உண்டு. வாரியத்தில் வாக்கெடுப்பு முறை பின்பற்றப்படுவதில்லை. முடிவுகள் ஒருமித்த கருத்தின் அடிப்படையிலேயே எடுக்கப்பட வேண்டும். உடன்பாடு ஏற்படாவிட்டால் அந்த விவகாரம் நிறுத்தி வைக்கப்பட்டு, மத்திய அரசுக்கும் ஹைடா மன்றத்துக்கும் அனுப்பப்படும். எந்தத் தரப்பும் மற்றதை எண்ணிக்கையால் வெல்ல முடியாது என்பதே இந்த ஏற்பாட்டின் சாரம்.

ஆஸ்திரேலியாவில் இதற்கு முன்பே வேறொரு வடிவம் முயலப்பட்டது. அந்நாட்டின் வடபகுதியிலுள்ள கோபர்க் தீபகற்பத்தில் 1981-ல் அமைக்கப்பட்ட குரிக் தேசியப் பூங்காவில், பூர்வகுடி உரிமையாளர்கள் நால்வரும் அரசுப் பிரதிநிதிகள் நால்வரும் கொண்ட வாரியத்தின் தலைவர் பதவியும் தீர்மானிக்கும் வாக்கும் பூர்வகுடியினருக்கு வழங்கப்பட்டன. குவாய் ஹானாஸில் அத்தகைய இறுதி வாக்கு எவருக்கும் இல்லை. அதனால் முடிவுகள் தாமதமாகலாம் என்றாலும், எடுக்கப்பட்ட முடிவை இரு தரப்பும் தங்கள் முடிவாகவே செயல்படுத்தும் கட்டாயம் உருவாகிறது.

கண்காணிப்பாளர் பதவியின் இரட்டைச் சுமை

இத்தகைய பூங்காவைத் தலைமை ஏற்று நடத்தும் அதிகாரியின் நிலை, வழக்கமான வனத்துறை அதிகாரியின் நிலையிலிருந்து வேறுபட்டது. கனடா பூங்கா அமைப்பின் கண்காணிப்பாளர், வாரியத்தில் அரசுத் தரப்பின் இணைத் தலைவராகவும் அமர்கிறார். துறையின் விதிகளுக்கும் நிதி ஒதுக்கீட்டுக்கும் அவர் தலைநகர் ஒட்டாவாவுக்குப் பதில் சொல்ல வேண்டும். எந்த முக்கிய முடிவையும் ஹைடா உறுப்பினர்களின் இசைவின்றி அவரால் எடுக்க முடியாது. நீண்ட காலம் இந்தப் பதவியை வகித்த ஏர்னி கிளாட்ஸ்டோன், ஹைடா சமூகத்தைச் சேர்ந்தவர். பூங்காவின் ஊழியர்களிலும் கணிசமானோர் ஹைடாக்கள். எனவே அரசுத் தரப்பு, சமூகத் தரப்பு என்ற பிரிவு காகிதத்தில் உள்ள அளவுக்கு அன்றாடப் பணியில் கூர்மையாக இருப்பதில்லை.

களத்தில் இந்தக் கூட்டுறவின் முகமாக விளங்குவோர், ‘ஹைடா குவாய் காவலர்கள்’. பழைய கிராமங்களில் நினைவுப்பொருள்கள் திருடப்படுவதைத் தடுப்பதற்காக 1981-ல் தன்னார்வலர்கள் தாமாகவே அங்கு சென்று தங்கத் தொடங்கினர். ஹைடா மரத்தூண்களின் உச்சியில் ஊரைக் காப்பதாகச் செதுக்கப்படும் காவலர் உருவங்களே இப்பெயருக்குக் காரணம். அரசு அனுமதிக்கும் முன்பே தொடங்கிய இந்தப் பணி, பின்னர் பூங்கா நிர்வாகத்தின் நிதி ஆதரவைப் பெற்று முறையான திட்டமாயிற்று. கோடை மாதங்களில் முதியவர்களும் இளைஞர்களும் ஐந்து இடங்களில் தங்கி, வருவோருக்கு வரலாற்றை எடுத்துரைக்கின்றனர். காவலும் கல்வியும் வேலைவாய்ப்பும் ஒன்றாக அமைந்த ஏற்பாடு இது.

பூங்காவுக்குச் சாலை வசதி கிடையாது. படகிலோ நீர்விமானத்திலோதான் செல்ல முடியும். அங்கு செல்வோர் முன்கூட்டியே அறிமுக வகுப்பில் கலந்துகொள்ள வேண்டும். பழைய கிராமங்களில் ஒரே நேரத்தில் 12 பேருக்கு மேல் கரையேற அனுமதி இல்லை. வணிக நோக்கில் மரம் வெட்டுதலும் சுரங்கம் தோண்டுதலும் தடை செய்யப்பட்டுள்ளன. அதே ஒப்பந்தம், ஹைடாக்கள் தங்கள் மரபுவழியில் மீன்பிடிப்பதையும் வேட்டையாடுவதையும், உணவுக்கும் மருந்துக்கும் தாவரங்கள் சேகரிப்பதையும், சடங்குகளுக்கும் கலைப் பணிகளுக்கும் மரம் எடுப்பதையும் பட்டியலிட்டு உறுதிப்படுத்துகிறது. மனிதரை வெளியேற்றினால்தான் காடு பிழைக்கும் என்ற பழைய கருத்துக்கு இங்கு இடமில்லை.

ஒப்பந்தத்தின் 20-ஆம் ஆண்டை முன்னிட்டு, 2013 ஆகஸ்டில் லயெல் தீவின் கரையில் 42 அடி உயர மரத்தூண் ஒன்று நிறுத்தப்பட்டது. குவாய் ஹானாஸ் பகுதியில் 130-க்கும் மேற்பட்ட ஆண்டுகளில் நிறுத்தப்பட்ட முதல் தூண் அது. சிற்பி ஜேலன் ஈடன்ஷா செதுக்கிய அந்தத் தூணில், மறியலில் கைகோத்து நின்றவர்களின் உருவங்களும் இடம்பெற்றுள்ளன. தன்னை எதிர்த்து நடந்த போராட்டத்தின் நினைவை, அரசு அமைப்பே உடன் நின்று கொண்டாடிய நிகழ்வாக அது அமைந்தது.

காட்டிலிருந்து கடலுக்கு

ஹைடாக்களின் பார்வையில் கரை என்பது எல்லை அன்று. உணவும் வழிபாடும் போக்குவரத்தும் கடலையே சார்ந்தவை. எனினும் காட்டைக் காக்கும் ஒப்பந்தத்துக்கும் கடலைக் காக்கும் ஒப்பந்தத்துக்கும் இடையே 17 ஆண்டுகள் இடைவெளி விழுந்தது. கடலில் மீன்பிடி உரிமங்கள், கப்பல் போக்குவரத்து, பல துறைகளின் அதிகாரம் என்று சிக்கல்கள் அதிகம். 2010-ல் கடல்சார் ஒப்பந்தம் கையெழுத்தாகி, ஏறத்தாழ 3,400 சதுர கி.மீ. கடற்பரப்பு பாதுகாப்பின் கீழ் வந்தது. ஏற்கெனவே இருந்த ஏறத்தாழ 1,500 சதுர கி.மீ. நிலப்பரப்புடன் சேர்ந்து, மலையுச்சியிலிருந்து கடல்தரை வரை ஒரே வாரியத்தின் பொறுப்பில் வந்தது. மீன்வளத் துறையும் வாரியத்தில் இடம்பெற்றது.

பெயரளவில் பாதுகாக்கப்பட்ட கடல் என்பது மீன்பிடி இல்லாத கடல் ஆகிவிடாது. தொடக்க ஆண்டுகளில், வணிக மீன்பிடி முற்றிலும் தடைசெய்யப்பட்ட பகுதி வெறும் 3 சதவீதமாகவே இருந்தது. நீண்ட கலந்தாய்வுக்குப் பின் 2018 நவம்பரில் கையெழுத்தான ‘நிலம், கடல், மக்கள்’ என்ற மேலாண்மைத் திட்டம், அதை 40 சதவீதமாக உயர்த்தியது. அப்பகுதிகளில் வணிக மீன்பிடியும் பொழுதுபோக்கு மீன்பிடியும் தடைசெய்யப்பட்டன. மரியாதை, பொறுப்பு, சமநிலை, அனைத்தும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்னும் உணர்வு, அறிவுடையோரிடம் ஆலோசனை கேட்டல், கொடுத்துப் பெறுதல் ஆகிய ஹைடா நெறிகள் ஆறும், திட்டத்தின் வழிகாட்டிக் கோட்பாடுகளாக எழுதப்பட்டுள்ளன.

மெய்யான சோதனை ஹெர்ரிங் மீன் விவகாரத்தில் வந்தது. கடற்பாசியில் படியும் அதன் முட்டை ஹைடாக்களின் மரபுவழி உணவு. திமிங்கலம் முதல் கடற்பறவை வரை பல உயிர்கள் அந்த மீனை நம்பியே வாழ்கின்றன. கையிருப்பு சரிந்து, வணிகப் பிடிப்பு ஆண்டுக்கணக்கில் நிறுத்தப்பட்டிருந்த நிலையில், மத்திய மீன்வளத் துறை ஹைடாக்களின் எதிர்ப்பை மீறி அதை மீண்டும் திறக்க முனைந்தது. ஹைடா தேசிய மன்றம் நீதிமன்றத்தை நாடியது. 2015 மார்ச்சில் கனடாவின் கூட்டாட்சி நீதிமன்றம், அந்த ஆண்டு அங்கு வணிகப் பிடிப்பைத் திறக்கத் தடை விதித்தது. குவாய் ஹானாஸ் ஒப்பந்தங்களால் அரசுக்கு ஏற்பட்ட கடமையையும் நீதிமன்றம் கணக்கில் கொண்டது.

இந்த வழக்கு இரண்டு உண்மைகளை வெளிக்கொணர்ந்தது. கூட்டு வாரியத்தில் அமர்ந்திருக்கும் அரசே, தன் மற்றொரு துறையின் வாயிலாக ஒப்பந்தத்தின் உணர்வுக்கு எதிராகச் செயல்பட முடியும் என்பது முதலாவது. அவ்வாறு நேரும்போது, எழுதப்பட்ட ஒப்பந்தம் நீதிமன்றத்தில் பலன் தரும் கருவியாகிறது என்பது இரண்டாவது. வாய்மொழி வாக்குறுதிகளும் ஆலோசனைக் கூட்டங்களும் மட்டுமே இருந்திருந்தால், அந்தத் தடை கிடைத்திருப்பது கடினம்.

எலியும் மானும் கடல் முள்ளெலியும்

சட்டம் போட்டுக் காவல் வைப்பதால் மட்டும் தீவுகளின் இயற்கை மீண்டுவிடவில்லை. கப்பல்களில் வந்த எலிகள், தரையில் வளை தோண்டி முட்டையிடும் கடற்பறவைகளின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்று தீர்த்தன. பழமை முர்ரலெட் எனப்படும் சிறு கடற்பறவையின் உலகத் தொகையில் ஏறத்தாழ பாதி ஹைடா குவாயிலேயே இனப்பெருக்கம் செய்கிறது என்பதால், இந்த இழப்பு உள்ளூரோடு நிற்பதில்லை. 2011 முதல் சில தீவுகளில் எலி ஒழிப்புப் பணி மேற்கொள்ளப்பட்டது.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உணவுக்காகக் கொண்டுவரப்பட்ட மான்களைக் கட்டுப்படுத்த, அங்கு ஓநாய் போன்ற பெரிய வேட்டை விலங்குகள் இல்லை. அவை தேவதாரு நாற்றுகளையும் மருந்துச் செடிகளையும் மேய்ந்து, காட்டின் அடித்தளத்தை வெறுமையாக்கின. தூணுக்கும் படகுக்கும் தேவதாருவை நம்பியிருக்கும் சமூகத்துக்கு இது பண்பாட்டு இழப்பும் ஆகும். 2017-ல் சில தீவுகளிலிருந்து மான்களை முற்றாக அகற்றும் திட்டம் தொடங்கியது. வெளியிலிருந்து வந்த நிபுணர்கள் மட்டும் இம்முடிவை எடுத்திருந்தால் எதிர்ப்பு எழுந்திருக்கக்கூடும். ஹைடாக்களும் சேர்ந்து எடுத்த முடிவு என்பதால் அதற்கு ஏற்பு கிடைத்தது.

கடலடியில் நிகழ்ந்தது இன்னும் நுட்பமானது. ரோம வணிகத்துக்காகக் கடல் நீர்நாய்கள் வேட்டையாடி ஒழிக்கப்பட்டன. அவை உண்டு வந்த கடல் முள்ளெலிகள் அதன்பின் பெருகி, கெல்ப் எனப்படும் பெரும் கடற்பாசிக் காடுகளை மேய்ந்து அழித்தன. கெல்ப் காடு அழிந்தபோது அபலோனி நத்தைகளுக்கும் மீன் குஞ்சுகளுக்கும் வாழிடம் இல்லாமல் போயிற்று. அபலோனி பிடிப்பை 1990-ல் அரசு முற்றிலும் நிறுத்திய பின்னரும் அதன் மீட்சி மந்தமாகவே இருந்தது. மர்ச்சிசன் தீவின் கரையோரம் 2018-ல் தொடங்கிய திட்டத்தில், ஹைடா மீன்வளப் பணியாளர்களும் பூங்கா விஞ்ஞானிகளும் வணிக முக்குளிப்பாளர்களும் சேர்ந்து ஏறத்தாழ 3 கி.மீ. நீளத்துக்கு முள்ளெலிகளை அகற்றினர். உண்ணத்தக்கவை ஹைடா ஊர்களில் உணவாகப் பகிர்ந்தளிக்கப்பட்டன. இல்லாமல் போன நீர்நாயின் வேலையை மனிதர் செய்த முயற்சி அது.

எஞ்சி நிற்கும் கேள்விகள்

குவாய் ஹானாஸ் முழு வெற்றி என்று முடிவுகட்டுவது மிகையாகும். பூங்காவின் அன்றாடச் செலவு பெரும்பாலும் மத்திய அரசின் நிதியைச் சார்ந்தது; பணப்பையை வைத்திருப்பவரின் குரல் எந்த ஒருமித்த கருத்திலும் சற்றுக் கூடுதலாகவே ஒலிக்கும். கடற்பரப்பில் 60 சதவீதத்தில் விதிகளுக்கு உட்பட்டு மீன்பிடி தொடர்கிறது. மீன்பிடி உரிமங்களை வழங்கும் அதிகாரம் இன்றும் மத்திய மீன்வளத் துறையிடமே உள்ளது. கடல்நீர் வெப்பமடைவதை எந்த வாரியமும் தடுத்துவிட முடியாது.

நிலவுரிமை ஒப்பந்தங்களுக்கும் எல்லை உண்டு. 2025 ஒப்பந்தத்தின் அங்கீகாரம் நிலத்தையும் கடல் வற்றும்போது வெளிப்படும் கரையையும் சார்ந்தது. அதற்கு அப்பாலுள்ள கடல் யாருடையது என்ற கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது. தீவுகளில் வாழும் ஏனையோரின் தனியார் நிலங்களுக்குப் பாதிப்பு வராது என ஒப்பந்தங்கள் உறுதியளித்துள்ளன. எனவே 1993-ல் நிலத்துக்காகக் கண்டறியப்பட்ட ‘கருத்து வேறுபாட்டுடன் கூட்டுப் பணி’ என்ற வழிமுறை, கடலைப் பொறுத்தவரை இன்றும் காலாவதியாகவில்லை.

இந்தியாவின் சட்டமும் கடலோர மக்களும்

இந்தியச் சூழலுடன் ஒப்பிடும்போது வேறுபாடு சட்டத்தின் தொடக்கத்திலேயே தெரிகிறது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 35-ஆவது பிரிவின்படி, தேசியப் பூங்கா ஒன்று இறுதியாக அறிவிக்கப்பட வேண்டுமானால், அந்த நிலத்தின் மீதான உரிமைக் கோரிக்கைகள் அனைத்தும் முடிக்கப்பட்டு, உரிமைகள் மாநில அரசிடம் சேர்ந்திருக்க வேண்டும். அதாவது உரிமை தீர்ந்த பிறகே பூங்கா. கனடாவின் ‘ரிசர்வ்’ முறையில் வரிசை தலைகீழ்: உரிமை நிலுவையில் இருக்கும்போதே பூங்கா.

இந்தியாவிலும் மக்களின் பங்கேற்புக்கு வழிகள் திறக்கப்பட்டுள்ளன. 2002-ஆம் ஆண்டுத் திருத்தம் சமூகக் காப்பகங்களுக்கு இடமளித்தது. மேகாலயாவில் அவை பல உள்ளன. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், தேசியப் பூங்காக்கள், சரணாலயங்கள் உள்ளிட்ட வனநிலங்களில் வாழும் பழங்குடியினருக்கும், மூன்று தலைமுறைகளாக அங்கு வாழும் ஏனைய வனவாசிகளுக்கும் உரிமைகளை அங்கீகரிக்கிறது. 2022 திருத்தம், வன உரிமைச் சட்டம் பொருந்தும் சரணாலயங்களின் மேலாண்மைத் திட்டத்தைக் கிராம சபையுடன் கலந்தாலோசித்துத் தயாரிக்க வேண்டும் என்கிறது. எனினும் கலந்தாலோசனைக்கும் இணை முடிவுக்கும் இடையே உள்ள தொலைவு பெரிது. கேட்டுவிட்டுத் தன் விருப்பப்படி முடிவெடுக்க முதலாவது இடம் தருகிறது; இரண்டாவது தருவதில்லை.

வன உரிமைச் சட்டம் காட்டை மையமாகக் கொண்டது என்பதால், கடலோர மக்களுக்கு இந்த இடைவெளி இன்னும் கூடுதல். ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளை உள்ளடக்கி 1986-ல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவில், தலைமுறைகளாகக் கடற்பாசி சேகரித்து வந்த பெண்கள் தீவுகளை நெருங்கவே தடை ஏற்பட்டது. ஒடிசாவின் கஹிர்மாதாவில் ஆலிவ் ரிட்லி ஆமைகளைக் காப்பதற்காக, நவம்பர் முதல் மே வரை மீன்பிடி தடை செய்யப்படுகிறது. பவளப்பாறையும் ஆமையும் காக்கப்பட வேண்டும் என்பதில் இந்த மீனவர்களுக்கும் வனத்துறைக்கும் அடிப்படையில் கருத்து வேறுபாடு இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எந்தப் பகுதி, எந்தப் பருவம், எந்த வலை, எவ்வளவு இழப்பீடு என்பவற்றைத் தீர்மானிக்கும் மேசையில் அவர்களுக்கு இருக்கை இருக்கிறதா என்பதே கேள்வி.

ஹைடாக்களின் நிலையை இந்தியாவில் அப்படியே பொருத்திவிட முடியாது. குவாய் ஹானாஸ் மக்கள் அடர்த்தி மிகக் குறைந்த தீவுப்பகுதி. ஒரே சமூகம், ஒரே மன்றம் அங்கு பேசுகிறது. இந்தியக் கடற்கரையில் ஒரே கடலை நம்பிப் பல ஊர்களும், பல சமூகங்களும், நாட்டுப்படகும் விசைப்படகும் போட்டியிடுகின்றன. யார் பிரதிநிதி என்பதே முதல் சிக்கலாக எழும். ஆயினும் மூன்று கூறுகள் இடம்பெயரத்தக்கவை. உரிமை குறித்த கருத்து வேறுபாட்டை மறைக்காமல் எழுத்தில் ஒப்புக்கொள்வது ஒன்று. எந்தத் தரப்பும் மற்றதை வாக்கால் வீழ்த்த முடியாத, சட்டபூர்வ அதிகாரம் கொண்ட வாரியம் மற்றொன்று. காவல் பணியையும் ஆய்வுப் பணியையும் உள்ளூர் மக்களின் ஊதியம் பெறும் வேலையாக மாற்றுவது மூன்றாவது.

30 சதவீத இலக்கை உலக நாடுகள் ஏற்றபோது, பழங்குடியினர், உள்ளூர்ச் சமூகங்கள் ஆகியோரின் உரிமைகளை மதித்தே அதை எட்ட வேண்டும் என்றும் உடன்பட்டன. இலக்கை எட்டப் புதிய கடற்பகுதிகள் வரைபடத்தில் வண்ணமிடப்படும் இந்த ஆண்டுகளில், அந்த வாசகம் எவ்வளவு தூரம் செயலாகும் என்பது ஒவ்வொரு கரையிலும் தெரியவரும். லயெல் தீவின் மறியலுக்கும் குவாய் ஹானாஸ் ஒப்பந்தத்துக்கும் இடையே எட்டு ஆண்டுகளுக்கும் குறைவான காலமே கடந்தது. கைது செய்தவர்களும் கைதானவர்களும் அதற்குள் ஒரே மேசையில் அமர முடிந்தது என்பதை, எல்லைக்கோடு வரையும் முன்பே அரசுகள் நினைவில் கொள்வது நல்லது.